கனகமணி வாங்கின மூணாவது போன்

ஒரு ஊர்ல ஒரு கனகமணி இருந்தா. ஊருன்னா கீழ இல்ல, நல்ல உசரமான மலை மேல. நாலு தெரு, ஒரு டீக்கடை, நாள் தவறாம மழை, அவ்ளோதான் ஊரு. அவ வீட்டுக்காரர் பேரு நாச்சிமுத்து. போர்வையை இழுத்துக்கோடி தங்கம். ம் கொட்டிக்கிட்டே இருக்கணும், சொல்லிட்டேன். நீ கொட்டலேன்னா கனகமணி பஸ் ஏறமாட்டா, அங்கேயே நின்னுடுவா.

ம், அப்படித்தான். அந்த நாச்சிமுத்துவுக்கு ரெண்டு கண்ணுலயும் புண்ணு வந்து, ஆறி, வெள்ளையா படலம் படர்ந்துபோச்சு. ஆறு வருஷமா வெளிச்சம் எது இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரியும். டவுன்ல கண்ணாஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னா, "இறந்துபோனவங்க யாராவது கண்ணு தானம் பண்ணினா, அதுல கருவிழி மேல கண்ணாடி மாதிரி இருக்குற படலத்தை எடுத்து உங்களுக்கு வெச்சுத் தைப்போம். கண்ணு வந்ததும் போன் பண்ணுவோம். மூணு தரம் கூப்பிடுவோம். எடுக்கலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்மா, கண்ணு ரொம்ப நேரம் தாங்காது" அப்படின்னாங்க.

அந்த ஊர்ல செல்போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால டீக்கடை நம்பரைக் குடுத்துட்டு வந்திருந்தாங்க. கூப்பிட்டாங்கடி ஒரு நாள்! ஆனா டீக்கடை ரங்கன் அன்னைக்குப் பார்த்து கடையைச் சாத்திட்டு மச்சான் கல்யாணத்துக்குப் போயிட்டான். வந்த கண்ணு வேற யாருக்கோ போயிடுச்சு. நாச்சிமுத்து என்ன சொன்னாரு தெரியுமா? "பரவாயில்ல கனகு, யாருக்கோ கண்ணு தெரிஞ்சா சரி" அப்படின்னாரு. சொல்லிட்டு ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல. அதைப் பார்த்த கனகமணி, "இனிமே அடுத்த வீட்டு போனை நம்பமாட்டேன். நம்ம வீட்டுக்கே ஒரு போன்"னா. டெலிபோன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா, கம்பி இழுத்துட்டுப் போனாங்க. கம்பி வந்துடுச்சு, போன் வேணுமே?

அப்போ பஸ் ஏறி டவுனுக்குப் போனா. அங்க சாகுல் பாய் கடை. பாய் சிரிச்ச முகமா, "வாங்கக்கா, புது மாடல்!"னு ஒண்ணை எடுத்து நீட்டினாரு. வயரே இல்லாத போன். கையில எடுத்துக்கிட்டு வீடெல்லாம் நடக்கலாம், கொல்லைப்பக்கம்கூடப் போகலாம். கனகமணிக்கு ஒரே குஷி. வாங்கிட்டு வந்து மாட்டி, ரங்கன்கிட்ட, "மத்தியானமா ஒரு தரம் அடிச்சுப் பாரு"ன்னு சொல்லிட்டு வந்தா. மத்தியானம் ஆச்சு. மழை வந்துச்சு. பொட்டுனு கரண்ட் போச்சு. அது போனா போனும் போச்சு! மூச்சு இல்ல, பேச்சு இல்ல. சரி, கையில எடுத்துப் பார்ப்போம்னா, போனையே காணோம். வீடு பூரா தேடி, மடிச்சு வெச்ச துணிக்குள்ள இருந்து எடுத்தா. வீடெல்லாம் நடக்குற போனு வீட்டுக்குள்ளயே தொலையாம என்ன செய்யும்?

ம். அப்புறம் மறுபடி பஸ்ஸு, மறுபடி கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, மறுபடி சாகுல் பாய். "அப்ப இதை எடுத்துக்கோங்கக்கா"ன்னு ரெண்டாவதா ஒண்ணு குடுத்தாரு. வயர் உண்டு, கரண்ட் வேண்டாம், கிளிப்பச்சை நிறம், உள்ளங்கை அளவு. சத்தம் எப்படி? கிணுகிணு, கிணுகிணு. காதுக்கு ரொம்ப இதமா இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்தா, அன்னைக்கும் மழை. கூரையோ தகரம். தடதடதடதடன்னு மழை அடிக்குது, இது பாவம் கிணுகிணுங்குது, யாருக்குக் கேக்கும்? ரங்கன் நனைஞ்சுக்கிட்டே வந்து வாசல்ல நின்னு, "ஏக்கா, மூணு தரம் அடிச்சேன், ரெண்டு பேரும் வீட்லதான இருக்கீங்க?"ன்னான். கனகமணிக்கு அழுகையே வந்துடுச்சு. ஏன்னா ஆஸ்பத்திரிக்காரங்களும் மூணு தரம்தானே!

மூணாந்தரம் போனப்போ பாய் முகத்துல சிரிப்பு இல்ல. "அக்கா, இதை நீங்களே பார்த்து எடுத்துடுங்க"ன்னாரு. எடுத்தாளே! கடையில ஒரு மூலையில, தூசி படிஞ்சு, கறுப்பா, கனமா, சுருள் வயரோட ஒண்ணு கிடந்துச்சு. ஒரு ரிசீவர், பத்து எண்ணு, வேற ஒரு கண்றாவியும் இல்ல. "பாய், கரண்ட்டை அணைங்க"ன்னா. "கடையில யாவாரம் நடக்குதேக்கா!" "அணைங்க." அணைச்சாரு. "தகரத்துல மழை அடிக்குற மாதிரி சத்தம் போடுங்க." பாவம் மனுஷன், கடைப் பையன்களோட சேர்ந்து ஷட்டரைப் பிடிச்சு கடகடன்னு ஆட்டினாரு. இவ ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்னுக்கிட்டா. "இப்ப அடிங்க!" ட்ர்ர்ரிங்! ட்ர்ர்ரிங்! லாரி போகுது, அதையும் தாண்டிக் கேக்குது. "இதுதான் எனக்கு"ன்னு ரோட்டுல நின்னே கத்தினா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, இனிமேதான் இருக்கு.

போற வழியில கண்ணாஸ்பத்திரியில புது நம்பரைக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து மாட்டினா. எடுத்துக் காதுல வெச்சா கொய்ங்ங்னு நல்லா சத்தம் வந்துச்சு. புதுசா ஒரு சாமான் வந்தா நம்ம வீட்டுல என்ன செய்வோம்? சந்தனம், குங்குமம்! கனகமணி கெட்டியா சந்தனம் குழைச்சு, மேல ஒரு பொட்டு, ரிசீவருக்கு ஒரு பொட்டு, ரிசீவர் படுத்துக்குற இடத்துல ஒரு சின்னப் பித்தான் இருக்குமே, "இதுதான முக்கியம்"னு அதுக்கும் ஒரு பொட்டு, நல்லாத் தாராளமா. அந்த ஈரத்து மேலயே ரிசீவரை வெச்சுக் கும்பிட்டா. அப்புறம் ஒரே கட்டளை. "யாரும் தொடக்கூடாது. நாம எடுத்து வெச்சிருக்குற நேரம் பார்த்து அவங்க கூப்பிட்டா?" அவளும் தொடல, அவரும் தொடல. பதினோரு நாள்.

பன்னெண்டாம் நாள் மத்தியானம், மழை தடதடதட. ட்ர்ர்ரிங்! ட்ர்ர்ரிங்!

பாய்ஞ்சு எடுத்தா. "ஹலோ! ஹலோ!" ட்ர்ர்ரிங்! ரிசீவர் கையில இருக்கு, போன் பாட்டுக்கு அடிக்குது! எடுத்தா நிக்கணும்ல? நிக்கல. "அய்யோ எடுத்துட்டேங்க, எடுத்துட்டேன்!"னு ரிசீவருக்குள்ள கத்துறா, அது ட்ர்ர்ரிங். அப்புறம் அதுவா நின்னுபோச்சு. ஒண்ணு.

ரெண்டாந்தரம் ட்ர்ர்ரிங்! எடுத்தா, வெச்சா, உலுக்கினா, தட்டினா. நிக்கல. அப்புறம் அதுவும் ஓய்ஞ்சுது. அவ அப்படியே தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டா. "நான்தான பார்த்துப் பார்த்து வாங்கினேன், நானே கெடுத்துட்டேனே!"ன்னு.

அப்போ நாச்சிமுத்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. "அழுவாத கனகு. இங்க குடு." போனை மடியில வெச்சு விரலாலயே தடவித் தடவிப் பார்த்தாரு. "இந்தப் பித்தான் மேல வரணும்ல? உள்ளயே கிடக்கு. சுத்திலும் சிமெண்டு மாதிரி என்னமோ இறுகியிருக்கு. என்ன இது?" அவ எட்டிப் பார்த்தா. அய்யய்யோ, சந்தனம்! பித்தானை அமுக்கி வெச்ச வாக்குலயே காய்ஞ்சு கெட்டிப்பட்டுப்போச்சு. போனுக்குப் பாவம், ரிசீவரை எடுத்ததே தெரியல.

தாலிக்கயித்துல இருந்து ஒரு ஊக்கைப் பிடுங்கினா. எச்சில் தொட்டு நனைச்சு, கீறு கீறுன்னு கீறினா. அதுக்குள்ள ட்ர்ர்ரிங்! மூணாவது! "பதறாத, இடது பக்கம் இன்னும் ஒட்டியிருக்கு"ன்னாரு அவரு, விரலை அங்கேயே வெச்சுக்கிட்டு. கீறினா. ட்ர்ர்ரிங்! கீறினா. ட்ர்ர்ரிங்! டக்! பித்தான் மேல குதிச்சுது. மணி நின்னுபோச்சு. ரிசீவருக்குள்ள ஒரு பொம்பளைக் குரல், "ஹலோ, நாச்சிமுத்து வீடுங்களா? அப்பாடா, எடுத்தீங்களே! நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுக் கிளம்பி வந்துடுங்க, கண்ணு வந்திருக்கு."

கனகமணி "ம்"னா, உன்னை மாதிரியே. அந்தம்மா, "வருவீங்கல்ல?"னு கேட்டப்போ, அவருதான் ரிசீவரை வாங்கி, "வந்துட்டே இருக்கோம்மா"ன்னாரு. வெச்சதும் ரெண்டு பேரும் தரையிலேயே உக்காந்து கொஞ்ச நேரம் சிரிச்சாங்க. பஸ்ஸு மட்டும் இல்லேன்னா இன்னும் உக்காந்திருப்பாங்க.

கண்ணு தெரிஞ்சுதான்னு கேக்குறியா? உடனே தெளிஞ்சுடாதுடி, முதல்ல எல்லாம் புகையாத்தான் இருந்துச்சு. ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் காலையில கனகமணி காபி கொண்டுவந்து குடுத்தா. அவரு டம்ளரை வாங்காம அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"கனகு, உனக்கு தலை நரைச்சுடுச்சா? சொல்லவே இல்லையே!"

"நீங்க பார்த்துச் சொல்லட்டும்னு இருந்தேன்"னா அவ.

அவ்ளோதான் தங்கம். அவங்க காபி குடிக்கட்டும். நீ கண்ணை மூடிக்கோ.