கஷ்டப்பட ஆசைப்பட்ட ராஜா

முன்னொரு காலத்தில், கவலை ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்ட ராஜா ஒருவன் இருந்தான். பெயர் சுகவர்மன். தினமும் சபையில் வடமொழிக் காவியம் கேட்பான். எதை எடுத்தாலும் அதில் வரும் அரசன் நாட்டை இழக்கிறான், மனைவியைப் பிரிகிறான், காட்டில் கிழங்கு தின்கிறான். கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைத்து அழியாப் புகழ் பெறுகிறான்.

"நமக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை. நம்மை எவன் பாடுவான்?" என்று கண் கலங்கினான் ராஜா.

சபைப் புலவர் கேசவ பட்டருக்கு அதே சபையின் விகடகவி தத்தன் மேல் நெடுநாள் பொறாமை. "பிரபோ, திருமேனியில் கீறல் படாமல், தாங்கள் சிம்மாசனத்தை விட்டு இறங்காமல், நாளை பொழுது சாய்வதற்குள் தத்தன் ஒரு காவியத் துன்பத்தை வரவழைக்கட்டும். முடியாவிட்டால் பன்னிரண்டு வருஷம் காட்டுக்குப் போகட்டும்."

"நல்லது. நம் சபையில் ஒருவனாவது காட்டுக்குப் போன மாதிரி இருக்கும்," என்றான் ராஜா.

கோயில் குரங்குக்கே பயந்து சுற்றுவழி போகிறவன் தத்தன். மறுநாள் காலை, ராஜா பலகாரத்தில் கைவைக்கும் முன்பே தத்தன் சபையைக் கூட்டச் சொன்னான்.

"பிரபோ, பட்டர் புதுக் காவியம் எழுதியிருக்கிறாராமே. முதலில் அதைக் கேட்போம்."

பட்டருக்கு உச்சி குளிர்ந்தது. சுவடியைப் பிரித்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். நாயகன் துன்பத்தில் இருக்கும்போது வாசிப்பை நிறுத்தக் கூடாது. அவன் கரையேறிய பின் மங்கள சுலோகம் சொல்லப்படும்வரை, கேட்பவர் எழுந்திருக்கவோ வாயில் ஒன்று போடவோ கூடாது. மீறினால் அந்தத் துன்பம் அவர் வீட்டுக்கே வந்துவிடுமாம்.

எட்டாவது சுலோகத்தில் நாயகன் காட்டுக்குள் நுழைந்தான். பட்டர் மரங்களை வர்ணிக்கத் தொடங்கினார். கடம்ப மரத்துக்கு மட்டும் நாற்பது சுலோகம். உச்சிவேளையில் மழை வந்தது; ஒவ்வொரு மேகமும் ஒவ்வொரு யானையாயிற்று. மடைப்பள்ளியிலிருந்து நெய்யில் வறுத்த முந்திரியின் வாசனை சபைக்குள் நடந்து வந்து, ராஜாவின் மூக்கருகே உட்கார்ந்துகொண்டது.

"பட்டரே, அவனை ஊருக்கு அழைத்து வாருமேன்."

"இன்னும் பாம்புகள் பாக்கி இருக்கின்றன, பிரபோ."

பொழுது சாயும் நேரத்தில் ராஜா அழுதேவிட்டான்.

தத்தன் பணிவாகக் கேட்டான். "கீறல் ஏதும் உண்டா, பிரபோ?"

"இல்லை."

"சிம்மாசனம்?"

"அதில்தான் ஒட்டிக் கிடக்கிறேன்."

"துன்பம்?"

"காவியத்தில்கூட இவ்வளவு இல்லையடா. அவனுக்காவது கிழங்கு கிடைத்தது."

"அப்படியானால் கரையேறுவோம்," என்று தத்தன் உட்கார்ந்தபடியே, சொந்தமாக ஒரே ஒரு சுலோகம் சொன்னான்: நாயகன் வந்த வழியே திரும்பி நடந்தான், வீட்டில் மனைவி இலை போட்டு வைத்திருந்தாள், மங்களம்.

"காவிய லட்சணப்படி..." என்று பட்டர் ஆரம்பிப்பதற்குள் ராஜா இலைக்கு முன்னால் இருந்தான். மூன்றாம் முறை சோறு விழுந்த பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. புரையேறும்வரை சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தனுக்குப் போட்டான்.

"நாம் பட்ட பாட்டைப் பட்டரை விட்டே காவியமாக எழுதச் சொல்வோமா, தத்தா?"

"எழுதட்டும், பிரபோ. கேட்கத் தாங்கள்தான் உட்கார வேண்டும்."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்தான். சிரித்தபடியே இலையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.