ஆடியில் காலியான வளை

சுவர் கசிவது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதன்மேல் சுண்ணாம்பை அடித்தாய். குடியிருப்பவர் குறை சொன்னால் "வாயாடி" என்று பட்டம் வேறு கட்டுகிறாய். உன் பெயரைச் சொல்லப்போவதில்லை. கதையை மட்டும் கேள்.

வாய்க்கால் கரையில் ஒரு பெருச்சாளி அடுத்தடுத்து இரண்டு வளைகள் தோண்டியது. ஒன்றில் தான் இருந்தது. மற்றதை ஒரு வெள்ளெலிக்கு வாடகைக்கு விட்டது. தோண்டித் தோண்டிப் பல் தேய்ந்துபோன அதற்கு, மாதா மாதம் வரும் வாடகை நெல்தான் சாப்பாடு.

ஒரு நாள் வெள்ளெலி வந்தது.

"அண்ணே, வாய்க்கால் பக்கத்துச் சுவரில் தண்ணீர் கசிகிறது. குட்டிகளுக்குச் சளி விட்டபாடில்லை. கொஞ்சம் சரளைக்கல் போட்டு இறுக்கினால் போதும்!"

"போன மாதம் வாசல் சரியில்லை என்றாய். இப்போது சுவரா?"

"வாசலை நானே சரிசெய்துகொண்டேனே! சுவர் உங்களுடையது அண்ணே."

"கல்லுக்கு நான் எங்கே போவேன்? வெள்ளை மண் பூசித் தருகிறேன். பளபளவென்று இருக்கும்!"

"பளபளப்பைப் போர்த்திக்கொண்டா அண்ணே குட்டிகள் தூங்கும்?"

பெருச்சாளிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இஷ்டமிருந்தால் இரு. இல்லையென்றால் காலி பண்ணு! உன்னைவிட இரண்டு படி கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது!"

வெள்ளெலி அன்றே வேறு இடம் தேடக் கிளம்பியது. ஆனி மாதம் முடிவதற்குள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுத் திடலுக்குக் குடிபோய்விட்டது.

பெருச்சாளி சுவர் முழுக்க வெள்ளை பூசியது. புரோக்கர் காக்கையைக் கூப்பிட்டது.

"நல்ல ஆளாகப் பாரப்பா! வாடகை முன்னைவிடக் கூட!"

காக்கை சிறகால் தலையில் அடித்துக்கொண்டது. "நாளைக்கு ஆடி பிறக்கிறது! ஆடியில் எவன் ஐயா வீடு மாறுவான்? ஒழுங்காக வாடகை கொடுத்த குடித்தனத்தை இந்த நேரம் பார்த்தா விரட்டுவீர்?"

"ஒரு மாதம்தானே! காலி வளை என்னிடம் சோறா கேட்கப்போகிறது?"

காலி வளை சோறு கேட்கவில்லைதான். ஆனால் பெருச்சாளிக்கு ஒன்று தெரியாது. அந்தச் சுவர் இத்தனை நாள் நின்றதே வெள்ளெலியின் புண்ணியத்தில். தினமும் விடிந்ததும் களிமண்ணைப் பிசைந்து கசிவை அடைத்துவிட்டுத்தான் அது இரை தேடப் போகும். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆடியில் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்தது. அடைக்க ஆள் இல்லை. வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் சிறு ஓட்டை பெரிய ஓட்டையானது. பிறகு சுவரே சரிந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் நடுச்சுவரையும் கரைத்துக்கொண்டு பெருச்சாளியின் படுக்கைக்கே வந்துவிட்டது. அது வெளியே பாய்ந்து திரும்பிப் பார்த்தபோது இரண்டு வளைகளும் இல்லை. புதிதாகத் தோண்ட வாயில் பல்லும் இல்லை.

நனைந்த உடம்போடு மேட்டுத் திடல் ஏறி, வெள்ளெலியின் வாசலில் நின்றது.

"தங்கச்சி, ஒரு ஓரமாக இடம் கிடைக்குமா? வாடகை தந்துவிடுகிறேன். என்ன, கொஞ்சம் குறைத்துப் போட்டுக்கொள்!"

குட்டிகள் கிளுக்கென்று சிரித்தன. வெள்ளெலி சிரிக்கவில்லை.

"ஆடி மாதம் அண்ணே. யாரையும் குடிவைக்கக் கூடாது. விருந்தாளியாக உள்ளே வாருங்கள். ஆவணி பிறக்கட்டும், வாடகையைப் பேசிக்கொள்ளலாம்."

பெருச்சாளி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனது. படுத்த இடம் காய்ந்து கதகதப்பாக இருந்தது. அதனால்தான் அதற்குத் தூக்கம் வரவில்லை.

குடியிருப்பவர் சொல்லும் குறையைச் சிறிதாக இருக்கும்போதே தீர்த்துவைப்பவருக்குத்தான் வாடகை வீடு கடைசிவரை சோறு போடும். ஆகவே எழுந்து போ, அந்தச் சுவரை இன்றைக்காவது சரிசெய்து கொடு!