கை படாத மண்

காவலாளிகள் சிலம்பாயியின் தோண்டுகோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். வள்ளிக்கிழங்கு தோண்டினாளாம். அவள் பிறந்த மலையில், அவள் அம்மா தோண்டிய சரிவில் தோண்டியது குற்றமாம். கோலோடு முடியவில்லை. இனி முப்பது வருடத்துக்கு அவளும் அவளைச் சேர்ந்த பதினொரு குடும்பங்களும் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஒரு தாள் தயாரானது.

காரணம் கேட்டால் காற்று என்றார்கள். எங்கோ நகரத்து ஆலைகள் விடும் புகைக்கு ஈடாக, இந்தக் காடு பிடித்து வைத்திருக்கும் கார்பனை ஒரு கம்பெனி விற்கப்போகிறது. மண்ணைக் கிளறினால் கார்பன் போய்விடும். புகை விட்டவர்களுக்குத் தடை இல்லை. கிழங்கு தோண்டியவளுக்குத் தடை.

அந்தத் தாளில் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அருமைநாயகம், கம்பெனியின் அளவையாளர். மூன்று வருடமாகச் சிலம்பாயியின் பின்னால் நடந்து மரங்களின் பெயரைக் கற்றுக்கொண்டவர். சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது, குருவுக்கு முப்பத்தொன்று. மறுப்பு இருந்தால் கதை முடிந்ததும் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலையில் அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார், மிச்சத்தையும் பிடுங்க வந்தீங்களா? அரிவாள்மணை உள்ள இருக்கு."

"டீச்சர், நானே சங்கடத்துல இருக்கேன்."

"நீங்க சங்கடத்துல இருக்கீங்க. நாங்க வெளியில இருக்கோம்."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும். இந்தச் சரிவுல ஏழு இடத்துல இரும்புக் குழாய் அடிச்சு மண்ணு எடுத்தேன். ஆறு இடத்துல சரசரன்னு இறங்குச்சு. கரி மாதிரி கறுப்பு மண்ணு. இருபத்தாறு வருஷமா மலை மலையா அளக்குறேன், இப்படி ஒரு மண்ணு பாத்ததில்ல. மனுஷக் கை படாததாலதான் இப்படி இருக்குன்னு எழுதியிருக்கேன். நீங்க தோண்டுனா அது கெட்டுப்போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஏழாவது இடம்?"

"அந்த மேட்டுலயா? குழாயே வளைஞ்சுபோச்சு. அதை விட்டுட்டேன்."

சிலம்பாயி வாசலிலிருந்து இறங்கி நடந்தாள். அவர் பின்னால் போனார். காட்டு ஓரத்தில் நின்ற காவலாளி, கூட வருவது யார் என்று பார்த்துவிட்டு வழி விட்டான்.

சரிவின் நடுவில் ஒரு வள்ளிக்கொடி. அதன் அடியில் இருந்த சருகை அவள் விலக்கினாள்.

"கையை விடுங்க."

"கோல் இல்லாமயா?"

"கோலைத்தான் உங்க ஆளுங்க பத்திரமா வச்சிருக்காங்களே."

அவர் மண்டியிட்டார். விரல்கள் இறங்கின. மணிக்கட்டு இறங்கியது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். முழங்கையும் போனது. உள்ளே மண் குளிர்ந்து, ஈரமாக, வழிவிட்டுக்கொண்டே இருந்தது. முழங்கைக்கு மேலும் கொஞ்சம் இறங்கியபோது விரல் நுனியில் ஏதோ தட்டியது.

"கல்லு."

"எடுங்க."

உருண்டையான, வழவழப்பான கல். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஓடைக்கல்லாச்சே. ஓடை ரெண்டு மைல் கீழ இருக்கு. தண்ணி மேல ஏறுமா?"

"தண்ணி ஏறாது. நாங்க ஏறுவோம்."

"எதுக்கு?"

"கிழங்கை எடுத்துட்டு, கொடியோட தலையை ஒரு துண்டுக் கிழங்கோட திரும்ப நட்டு, சருகும் மண்ணும் போட்டு மூடுவோம். அதுக்கு முன்னால அடியில ஒரு கல்லு வைப்போம். அடுத்து வர்றவ கோல் கல்லுல பட்டதும் நிறுத்திக்கணும். கீழ இருக்கறது கொடிக்கு. இது எங்க பெரியம்மா வச்சது."

அவர் மறுபடி கையை விட்டார், இந்தமுறை தோள்வரை, கன்னம் சருகில் பட. கல் இருந்த இடத்துக்குக் கீழே இன்னொரு கல். அதற்கும் கீழே ஒன்று. பக்கத்தில் ஒன்று.

"இதெல்லாம் யாரு?"

"அவளுக்கு முந்துனவ. அவளுக்கும் முந்துனவ. சருகு மக்கி மண்ணு உயர உயர, கல்லும் மேல மேல வரும்."

"பேரு?"

"எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் மேல மூணு கல்லோட முடிஞ்சுது சார்."

அவர் எழுந்திருக்கவில்லை. கை மண்ணுக்குள் இருக்க, படுத்தபடியே தலையைத் திருப்பிச் சரிவைப் பார்த்தார். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வேங்கை மரங்கள். அவற்றுக்கு இடையில் வள்ளிக்கொடி. அதைத் தாண்டி இன்னொரு கொடி. மலையின் முதுகுவரை கொடிகள்.

"ஒவ்வொண்ணுக்குக் கீழயும் இப்படியா?"

"ஆமா."

"அப்போ இந்த மரமெல்லாம்?"

"விதை எந்த மண்ணுல விழுந்தா பிழைக்கும் சார்? நீங்கதானே படிச்சவரு."

கையை வெளியே எடுத்து எழுந்தார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். பையிலிருந்து தாளை எடுத்தார். மனிதக் கை படாத காடு என்ற வரியை அடித்தார். தடை என்று இருந்த பத்தியைக் குறுக்காக அடித்து, மேலே 'தோண்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மண் ஒட்டிய விரல் தாளில் கறுப்பாகப் பதிந்தது.

"சாயங்காலத்துக்குள்ள கோல் வந்துடும், டீச்சர். என் வேலை இருக்குமான்னுதான் தெரியல." ஓடைக்கல்லை மறுபடி கையில் எடுத்தார். "மேலிடத்துல கட்டாயம் கேப்பாங்க, இந்த மலையில மனுஷக் கை படாத இடம் ஒண்ணுகூடவா இல்லைன்னு. இருந்தா காட்டுங்க. அதையாவது எழுதிக் கொடுக்கறேன்."

சிலம்பாயி அவர் கையிலிருந்த கல்லை வாங்கினாள். முழங்கைக்கு மேல்வரை கையை விட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். சருகை இழுத்து மூடினாள்.

"இருக்கு சார். உங்க குழாய் வளைஞ்சுதே, அந்த மேடு."