நெட் இல்லாத காலைகள்

பொதிகை மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி மெய்யம்மை அம்மாள். நாலு ஊர்ச் சனம் வந்து உட்கார்ந்து கேட்கும்படி பேசியவர். இப்போது கையும் காலும் நடுங்குகின்றன, குரலும் உள்ளே போய்விட்டது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். கூட இருப்பது சிஷ்யை உலகம்மை ஒருத்திதான். அவளுக்கே அறுபது தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு டேப்லெட்டும், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். காலையில் திரையில் ஒரு பெண் வந்து, "எழுந்திருங்க, உட்காருங்க, கையைத் தூக்குங்க" என்பாள். செய்ததையெல்லாம் பட்டை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். திரைப்பெண்ணுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகிறாள். அம்மாளை நாற்காலியிலிருந்து தூக்கி, விழாமல் பிடித்து, மறுபடி உட்கார வைப்பது உலகம்மை அல்லவா? பயிற்சி முடிவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் உலை வைக்க வேண்டும்.

ஒரு நாள் அவளால் முடியவே இல்லை. "இன்னிக்கு நெட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். டேப்லெட்டை அடுக்களைக்கு எடுத்துப்போய், சோறு கொதிக்கிற நேரத்துக்குள் பயிற்சியை அவளே செய்து முடித்தாள். திரை "மிக நன்று" என்றது. அவளிடம் யாரும் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அதன்பிறகு மடத்தில் அடிக்கடி நெட் இல்லாமல் போயிற்று.

பிறகொரு காலை ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் தமயந்தி வீடியோவில் அழைத்தாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. பட்டையில நடுக்கமே தெரியல. டக்குடக்குன்னு எந்திரிக்கிறீங்க. மாத்திரையைக் குறைச்சுப் பார்க்கலாமான்னு டாக்டர் கேக்கிறார்."

உலகம்மை அம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். மாத்திரை கொஞ்சம் பிந்தினாலே அம்மாள் கட்டையாகிவிடுவார். கஞ்சி தொண்டையில் இறங்காது.

அம்மாள் தன் கையைத் திரைக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"பட்டை வேற ஆளு கையில இருந்துச்சும்மா. மாத்திரை அப்படியே இருக்கட்டும்" என்றார்.

தமயந்திக்குக் கேட்கவில்லை. உலகம்மைதான் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

திரை அணைந்தது.

"ரொம்ப நாளாவா?" என்று அம்மாள் கேட்டார்.

"ஆமா."

"ஏன் உலகு?"

"முடியலம்மா."

அதோடு நிறுத்தியிருப்பாள். உள்ளே கிடந்தது தானாக வந்துவிட்டது.

"உடம்பு வாடகை வீடு, அதுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டே இருக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதான? இது குணமாகாதுன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லுதாங்க. அப்புறம் எதுக்கும்மா, ஒரு படம் எந்திரின்னா எந்திரிச்சு, உக்காருன்னா உக்காந்து? யாருக்காக இந்தப் பாடு?"

அம்மாள் மணிக்கட்டை நீட்டினார். உலகம்மை பட்டையைக் கட்டிவிட்டாள்.

அம்மாள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். திரைப்பெண் சொல்வதுபோலவே பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எழுந்தார், பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். உலகம்மை கைகளை நீட்டிக்கொண்டு ஓடினாள்.

"கிட்ட வராத."

மறுபடி முயன்றார். நெற்றி வேர்த்தது. அடுக்களையில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. உலகம்மை நகரவில்லை. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார், மறுபடியும் முயன்றார். கடைசியில் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். ஆடிக்கொண்டேதான் நின்றார், ஆனால் தானாக நின்றார்.

நீட்டியிருந்த கைகளை உலகம்மை இறக்கினாள். ஒரு கை வழக்கம்போல இடுப்புக்குப் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. தூக்காத நேரத்திலும் அங்கே வலிதான்.

அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார்.

"வாடகை வீடுதான் உலகு" என்றார். "ஆனா அதைத் தூக்குறது உன் முதுகுல்லா?"