உட்கார்ந்துவிட்ட கீரி

கொன்றைநாட்டில் இன்னமும் ராஜா ஆட்சிதான். ராஜா மகிழ்மாறனுக்குக் கிரீடம் உண்டு, சிம்மாசனம் உண்டு, சிம்மாசனத்துக்கு எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும் உண்டு. மாலை ஆறு மணி ஆனால் சபை கலைந்துவிடும். அந்த நேரத்தில்தான் ‘கிடுகிடு கீரி’ ஓடும்.

அரண்மனையே தயாரிக்கும் கார்ட்டூன் அது. சிவப்பு டிரவுசர் போட்ட ஒரு கீரிப்பிள்ளை ஓடும், தாவும், வழுக்கி விழும், மறுபடி ஓடும். கதை எழுதுவது அரசவை எழுத்தாளர் அல்லியங்கோதை. அந்தக் கீரியை வரையாத பிள்ளை நாட்டில் கிடையாது. பள்ளிக்கூடச் சுவரெல்லாம் கீரிதான்.

ஒருநாள் கடல் தாண்டி ஜிகுஜிகு கேம்ஸ் என்ற கம்பெனியிலிருந்து கோமேஸ் என்பவர் வந்து சேர்ந்தார்.

“மகாராஜா, கீரியை வைத்து வீடியோ கேம் செய்கிறோம். உரிமையை எங்களுக்குக் கொடுங்கள். உலகமே விளையாடும்!”

ராஜாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் ரசிகர் அல்லவா, ஒரு நிபந்தனை போட்டார். “டிவியில் கீரி இன்றைக்கு என்ன செய்கிறதோ, கேமிலும் இன்றைக்கே அப்படியே செய்ய வேண்டும். ஒரு மீசை முடி மாறினாலும் ஒப்பந்தம் செல்லாது.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் கோமேஸ்.

ஒப்பந்தம் அறுபது பக்கம். ராஜா முதல் பக்கத்தைப் படித்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வில்லங்கம் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது.

கேம் வந்தது. ஊர் ஊராகப் பிள்ளைகள் விளையாடித் தீர்த்தார்கள். அடுத்த மாதம் இளவரசி மதுரவல்லிக்கு ஏழாவது பிறந்தநாள். கேக் மேல் சர்க்கரையில் செய்த கீரி. இளவரசி கத்தியை எடுத்தாள். கோமேஸ் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார்.

“மன்னிக்கவும். பக்கம் நாற்பத்தொன்று. டிவி கார்ட்டூனைத் தவிர, எங்கள் அனுமதி இல்லாமல் கீரியின் உருவத்தை யாரும், எங்கும், எதிலும் வரையவோ செய்யவோ கூடாது. பள்ளிக்கூடச் சுவர்களுக்கு வெள்ளை அடிக்க ஆள் அனுப்பியாயிற்று. இந்தக் கேக்கையும்...”

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இளவரசி கீரியின் தலையைக் கடித்து விழுங்கிவிட்டாள். விழுங்கிய பிறகுதான் ‘ஓ’வென்று அழுதாள். “அப்பா, இனிமேல் நான் கீரி வரையவே கூடாதா?”

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கோமேஸ் போனதும் அல்லியங்கோதையைக் கூப்பிட்டார்.

“அல்லி, நாளை மதியத்துக்குள் பிள்ளைகள் கீரி வரைய வேண்டும். ஆனால் நான் கையெழுத்துப் போட்டவன், ஒப்பந்தத்தை மீறமாட்டேன். அந்த ஆளிடம் கெஞ்சவும் மாட்டேன். என்ன செய்வாயோ தெரியாது.”

அல்லியங்கோதை அறுபது பக்கத்தையும் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மகாராஜா, இன்று மாலைக்குப் புதிதாக ஒரு கதை போடுகிறேன்.”

“இன்றைக்கேவா? ஒரு கதை வரையப் பத்து நாள் ஆகுமே!”

“ஓடுகிற கீரிக்குத்தான் பத்து நாள். இந்தக் கீரிக்கு ஒரு மணி நேரம் போதும்.”

ஆறு மணிக்கு நாடே டிவி முன் கூடியது. கீரி வழக்கம்போல ஓடி வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் யாரோ வெள்ளை அடிப்பதைப் பார்த்தது. நின்றது. “என் படத்தை அழிக்கிறீர்களா? பிள்ளைகள் மறுபடி என்னை வரைகிற வரைக்கும் நான் ஓடமாட்டேன், போ!” என்றது. தரையில் சம்மணம் போட்டது. கையைக் கட்டிக்கொண்டது. மீதி இருபது நிமிடமும் அதே படம்தான். நடுவில் ஒரு கொட்டாவி.

ஒப்பந்தப்படி கேமிலும் கீரி உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினாலும் உட்கார்ந்திருந்தது. ஓங்கிக் குத்தினாலும் உட்கார்ந்திருந்தது. எதிரே பெரிய பாம்பு வந்து சீறியது. கீரி கொட்டாவி விட்டது. பாம்புக்கே வெட்கமாகி வந்த வழியே திரும்பிவிட்டது.

மறுநாள் காலை ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாகக் கோமேஸ் சபைக்குள் ஓடிவந்தார்.

“மகாராஜா! லட்சம் பேர் போன் செய்துவிட்டார்கள்! கீரி நகரமாட்டேன் என்கிறது! அப்படியே உட்கார்ந்திருக்கிறது!”

“ஒப்பந்தத்தில் ‘அப்படியே’ என்றுதானே ஐயா இருக்கிறது?” என்றாள் அல்லியங்கோதை. “வேண்டுமானால் நீங்களே எழுப்பி ஓட விடுங்கள்.”

“விட்டால் ஒப்பந்தம் போய்விடும்! விடாவிட்டால் கேம் போய்விடும்! அம்மா, உங்களைக் கும்பிடுகிறேன். கீரி எப்போது எழுந்திருக்கும்?”

“அதுதான் சொல்லிவிட்டதே. பிள்ளைகள் வரைந்தால் எழுந்திருக்கும். அவர்களுக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர் நீங்கள்.”

கோமேஸ் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார்: ‘பிள்ளைகள் கீரியை எங்கு வேண்டுமானாலும் வரையலாம், செய்யலாம், தின்னலாம்.’

மதியத்துக்குள் ஊர்ச் சுவரெல்லாம் கீரி. இளவரசி வரைந்ததற்கு ஆறு கால் இருந்தது. வேகமாக ஓடுமாம். அன்று மாலை டிவியில் கீரி எழுந்து ஓடியது, கேமிலும் ஓடியது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் கழன்று உருண்டது. “அல்லி, என்ன வேண்டும் கேள்!”

“ஒரு வாரம் லீவு, மகாராஜா.”

“லீவா! ஊருக்குப் போகிறாயா?”

“இல்லை. கீரி ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது, கடல் தாண்டியவரே செருப்பு மாறி ஓடிவந்தார். நானும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கு யார் ஓடிவருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா?”

லீவு கிடைத்தது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால், மூச்சிரைக்க நின்றது ராஜா. கிரீடத்தைக்கூடக் காணோம்.