பார்த்தீனியம் அக்கா

“இது புல்லியிங்குங்களா, இல்லீங்களா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க டீச்சர்.”

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார் சென்னியப்பன்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவர். விதியைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

டீச்சர் கோகிலவாணிக்கு முப்பத்தாறு. பொள்ளாச்சிக்கு வெளியே நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். மாடித்தோட்டம் போடக் கற்றுத்தருகிறார். அந்த வட்டாரத்தில் மொட்டை மாடியில் கத்தரிக்காய் பறிக்கிறவர்களில் பாதிப்பேர் அவருடைய சிஷ்யர்கள்தான். சென்னியப்பன் மூத்த சிஷ்யர், வயதிலும் சரி, சத்தத்திலும் சரி.

சிஷ்யர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானூறு பேர். அட்மின் சென்னியப்பன். டீச்சர் அதில் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாற்றை யார் பார்ப்பது என்பார்.

“முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க சார்.”

நடந்தது இதுதான்.

தாராபுரத்து சுலோச்சனா குழுவில் ஒரு செடியின் படம் போட்டார். சாமந்தி என்று நினைத்து நாற்பது நாள் கண்ணும் கருத்துமாக வளர்த்த செடி. ‘மொட்டு விட்டிருச்சு!’ என்று கீழே எழுதியிருந்தார்.

அது பார்த்தீனியம். ஊரே பிடுங்கி எறிகிற களை. இளசாக இருக்கும்போது இலை மட்டும் சாமந்தியைப் போலவே இருந்து தொலைக்கும்.

குழு விழுந்து விழுந்து சிரித்தது. பார்த்தீனியம் அக்கா என்று பெயர் வைத்தவர் சென்னியப்பன். பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. சுலோச்சனா வெண்டைக்காய்ப் படம் போட்டாலும், பொங்கல் வாழ்த்துச் சொன்னாலும், யாராவது ஒருவர் பார்த்தீனியத்தை நலம் விசாரிப்பார். இப்படி ஆறு மாதம்.

நேற்று சுலோச்சனா குழுவை விட்டுப் போய்விட்டார். அவருடைய மகள் சென்னியப்பனுக்கு எழுதியிருந்தாள்.

‘எங்கம்மாவை எல்லாரும் சேர்ந்து கேலி பேசிப் பேசியே புல்லி பண்ணிப்போட்டீங்க. அம்மா மாடிக்குப் போயே பத்து நாளாச்சு. செடியெல்லாம் காயுது.’

“செடி காயுதுன்னு படிச்சதும் எனக்கு ஒரு வேலையும் ஓடலீங்க டீச்சர். ராத்திரி சோறு இறங்கலீங்க. ஆனா கெட்ட வார்த்தை ஒண்ணு கிடையாது. மிரட்டல் கிடையாது. குழுவோட விதி பதினொண்ணையும் வெச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணுகூட மீறலீங்க. எல்லாம் பாசத்துல சொன்னது. அவங்களும் சிரிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் சிரிப்புப் பொம்மை போட்டிருக்காங்க, வேணும்னா காட்டறேன்.”

டீச்சர் காட்டச் சொல்லவில்லை.

“ஞாயித்துக்கிழமை. ஆள் வர்ற நேரம். ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நாத்து எடுத்துக் குடுங்க சார்.”

முதலில் வந்தது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. சென்னியப்பன் தக்காளி நாற்றை நீட்டினார்.

“இந்த சாரைத் தெரியுமா?” என்றார் டீச்சர் அவர்களிடம். “உடைச்ச துவரம்பருப்பை விதைச்சு, இருபது நாள் தண்ணி ஊத்தி, முளைக்கலைன்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்தவரு.”

உண்மைதான். நாலு வருடத்துக்கு முந்தைய கதை. டீச்சர் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஜோடி சிரித்தது. சென்னியப்பனும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அப்ப எனக்கு என்னங்க தெரியும்? கடையில கேட்டேன், குடுத்தான்!”

அடுத்து ஒரு மீசைக்காரர். டீச்சர் அவரிடமும் சொன்னார்.

“தாளிச்சு விதைச்சிருந்தா முளைச்சிருக்கும் சார்,” என்றார் மீசைக்காரர்.

சென்னியப்பன் சிரித்தார்.

மல்லிகைப் பதியன் வாங்க மூன்று பெண்கள் வந்தார்கள். டீச்சர் மறுபடியும் ஆரம்பித்தார். அவர்களில் ஒருத்தி, “அப்பிடியே பக்கத்துல புளியையும் நட்டிருக்கலாமுங்க, சாம்பாரே காய்ச்சிருக்கும்,” என்றாள். இன்னொருத்தி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். படத்துக்காகச் சென்னியப்பன் பல்லைக் காட்டினார்.

பிறகு ஒரு வேன் டிரைவர் வந்தார். டீச்சர் வாயையே திறக்கவில்லை.

“பருப்பு சார், ரெண்டு கருவேப்பிலைக் கன்னு குடுங்க,” என்றார் அவராகவே. “வெளிய மல்லிகைப் பதியனோட நிக்கற அந்தம்மாதான் சொன்னாங்க. நல்லா சிரிச்சேன் போங்க.”

சென்னியப்பன் “ஹி ஹி” என்றார். கன்றுகளை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் ஆளைக் காணவில்லை.

டீச்சர் தேடிக்கொண்டு போனார். தென்னை நார்க்கழிவு மூட்டைகளுக்குப் பின்னால், ஏற்கெனவே அடுக்கியிருந்த காலி நாற்றுத் தட்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார் சென்னியப்பன்.

“அடுத்த ஆள் வந்திருக்காங்க சார்.”

“நீங்களே குடுத்தனுப்புங்க.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க பாசத்துலதான சொன்னீங்க.”

“யாராச்சும் கெட்ட வார்த்தை சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“அந்த வேன்காரரு?”

“நல்ல மனுசனுங்க. பாவம், அவர் ஒரே ஒரு தடவைதான...”

பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த தட்டும் நின்றது.

“நீங்களும் சிரிச்சீங்களே சார்?”

“சிரிக்காம என்னங்க பண்றது?” சுள்ளென்று வந்தது பதில். “வந்தவங்களுக்கு முன்னால மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா?”

நாலு வருடத்தில் டீச்சரிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவருக்கே முகம் சுருங்கிப்போயிற்று.

டீச்சர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

“மன்னிச்சுக்கங்க சார். நாலு வருசம் வாயை மூடிட்டு இருந்தேன், இனியும் மூடிக்கறேன்.”

“அட, உங்களைப் போய் நான்...” சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதோடு கண்ணையும் துடைத்தார். பிறகு முப்பது வருடத்துத் தாலுகா ஆபீஸ் தலைதூக்கியது. “அப்ப இது புல்லியிங்தானுங்க. பன்னெண்டாவது விதியா எழுதிப்போடறேன். எத்தனை தடவைக்கு மேல போனா தப்பு? மூணா, அஞ்சா? ஒரு கணக்குச் சொல்லுங்க டீச்சர்.”

“என்னைக் கேக்கறீங்க. விதியைப் புரட்டிப் பார்த்தீங்க. அவங்களைக் கேட்டீங்களா?”

சென்னியப்பன் சொம்பைக் கீழே வைத்தார்.

போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்தினார். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாகக் கோத்துக்கொண்டார். மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம் சார்!” கலகலவென்று ஒரு சிரிப்பு. “பார்த்தீனியம் அக்காதானுங்க பேசறேன், சொல்லுங்க!”

கோத்து வைத்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது.

“சுலோச்சனாம்மா,” என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.