கைபேசி கொடுத்த லுக்மா

தஸ்தகீருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் இல்யாஸ் ஹஜ்ரத்துக்கு முப்பத்தாறு. துபாயில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தஸ்தகீர், தாடி நரைத்த பிறகு மதரஸாவில் சேர்ந்து ஓத ஆரம்பித்தார். ஹஜ்ரத் இவரை அண்ணே என்பார். இவர் ஹஜ்ரத்தின் முன்னால் கைகட்டி நிற்பார். ஊரில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

மதரஸாவுக்குத் தினமும் மார்க்கக் கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். ஹஜ்ரத் ஒரு கேள்விக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வார். அவசரக்காரரான தஸ்தகீருக்கு இது பொறுக்கவில்லை. நான்கு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து, மதரஸாவில் இருந்த மார்க்கச் சட்டக் கிதாபுகளை எல்லாம் ஊட்டி, செயற்கை நுண்ணறிவில் ஒரு மெஷின் தயார் செய்தார். கேள்வியைப் போட்டால் டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். ஹஜ்ரத் மட்டும் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நாளை முதல் மதரஸாவின் பெயரில் பதில்கள் பறக்கும். அந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் தவியாய்த் தவித்தார்.

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத்தைப் பிடித்துவிட்டார்.

"நாற்பது கேள்வி ஹஜ்ரத். நாற்பதுக்கும் பதில் ரெடி. நீங்களே பாருங்க."

ஹஜ்ரத் நிதானமாகப் பத்துப் பதில்களைப் படித்தார்.

"பத்தும் சரிதான்."

"அப்ப அனுப்பிடவா?"

"சரியா இருந்தா மட்டும் போதுமா அண்ணே?"

"வேற என்ன ஹஜ்ரத் வேணும்?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "இமாம் வெளியூர் போயிருக்கார். இன்னைக்கு மஃரிப் தொழுகைக்கு நீங்க முன்னால நின்னு தொழ வைங்க."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. தஸ்தகீர் இதுவரை இமாமாக நின்றதே இல்லை. குர்ஆனில் நாலு வரிச் சூராவாகப் பார்த்து ஓதிவிட்டுக் கௌரவமாகத் தப்பித்திருக்கலாம். முதல் நாளாயிற்றே, ஆசை விடுமா? அதைவிட நீளமான 'வள்ளுஹா' சூராவை ஓதுவது என்று முடிவு செய்தார்.

இமாம் ஓதும்போது தடுமாறினால், பின்னால் நின்று தொழுபவர்களில் ஒருவர் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அதை லுக்மா என்பார்கள். தஸ்தகீரின் கைபேசியில், வீட்டில் பாடம் பார்ப்பதற்காக அவரே செய்த ஒரு செயலி இருந்தது. ஓதுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் அடுத்த வசனத்தைச் சொல்லும். அந்தக் கைபேசியை, இமாம் நிற்கும் மிஹ்ராபின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நிம்மதியாகத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

நாலாவது வசனத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரும் வாய் திறப்பதற்கு முன் கைபேசி முந்திக்கொண்டு, அழகான உச்சரிப்பில் எடுத்துக் கொடுத்தது. தஸ்தகீர் அதை வாங்கி ஓதி முடித்தார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும்போது அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ஹஜ்ரத் எழுந்தார். "எல்லாரும் எழுந்திரிங்க. திரும்பத் தொழணும்."

"ஏன் ஹஜ்ரத்? ஒரு எழுத்து தப்பில்லையே!"

"தப்பில்லை. ஆனா தொழுகைக்கு வெளியே இருக்கிறவர் எடுத்துக் கொடுத்து, அதை இமாம் வாங்கிக்கிட்டா நம்ம மத்ஹபு சட்டப்படி தொழுகை முறிஞ்சுடும். போன மாசம்தானே அண்ணே பாடம் கேட்டீங்க?"

கேட்டார்தான். நோட்டில் அடிக்கோடு போட்டுக்கூட வைத்திருந்தார். கைபேசியும் தொழுகைக்கு வெளியேதான் இருக்கிறது என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தஸ்தகீர் அசடு வழிய நின்றார்.

"போனை அணைச்சிடுங்க. அதே சூராவையே ஓதுங்க" என்றார் ஹஜ்ரத்.

அதே இடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டார். ஹஜ்ரத் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், காய்கறி வண்டிக்காரர் ஹனீபா தொண்டையைச் செருமி, சளி பிடித்த குரலில் தட்டுத்தடுமாறி எடுத்துக் கொடுத்தார். தொழுகை கரை சேர்ந்தது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டே ஹனீபா சொன்னார்: "என்னண்ணே இப்படிப் பயமுறுத்திட்டீங்க! எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. நான் தப்பா எடுத்துக் கொடுத்திருந்தா உங்க தொழுகையோட என் தொழுகையும்ல போயிருக்கும்!"

அவர் போன பிறகு தஸ்தகீர் ஹஜ்ரத்தின் அறைக்கு வந்தார். மனசு ஆறவில்லை.

"ஹஜ்ரத், போன் சுத்தமாச் சொல்லுச்சு. ஹனீபா பாதியை மூக்குல சொன்னார். அது செல்லாது, இது செல்லுமா?"

"ஹனீபா தப்பாச் சொல்லியிருந்தா அவருக்கு என்ன போயிருக்கும்?"

"அவரே சொன்னாரே ஹஜ்ரத், அவர் தொழுகையும் போயிருக்கும்."

"போனுக்கு?"

தஸ்தகீர் யோசித்தார். "கொஞ்சம் சார்ஜ் போயிருக்கும் ஹஜ்ரத்."

ஹஜ்ரத் விழுந்து விழுந்து சிரித்தார். தஸ்தகீரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் வாடியது.

"அப்ப மெஷினை மூடிடவா?"

"எதுக்கு மூடணும்? நாலு மாச உழைப்பு. எனக்கு ஒரு நாள் பிடிக்கிற கிதாபு வரியை அது ஒரு நொடியில தேடித் தருது. முதல் கேள்வியை எடுங்க."

தஸ்தகீர் உற்சாகமாகத் தாளை எடுத்துப் படித்தார். ஒரு பெண் கேட்டிருந்தார்: 'எனக்குச் சர்க்கரை நோய். நோன்பை விடலாமா?' மெஷின் எழுதியிருந்தது: 'நோய் கூடிவிடும் என்று அஞ்சினால் விடலாம். விட்ட நோன்பைப் பிறகு வேறு நாளில் நோற்று கழா செய்ய வேண்டும்.'

"சரியான பதில்" என்றார் ஹஜ்ரத். "கீழே பேர் எழுதி அனுப்பிடுங்க."

"மதரஸா பேரா, ஹஜ்ரத்?"

"உங்க பேர்."

தஸ்தகீருக்கு வாயெல்லாம் பல். பேனாவைத் திறந்து 'தஸ்' வரை எழுதினார். பேனா நின்றது. கேள்வியை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் பதிலை. அப்புறம் மறுபடி கேள்வியை.

"ஹஜ்ரத், இந்தம்மா ஊசி போடுறவங்களா, மாத்திரையா? டாக்டர் என்ன சொல்லியிருக்கார்? வயசு என்ன? நான் எதுவுமே கேட்கலையே!"

ஹஜ்ரத் தன் கைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கூப்பிட்டுக் கேளுங்க. இப்பத்தான் அண்ணே நீங்க ஹனீபா நின்ன வரிசையில வந்து நிக்கிறீங்க."